212 பேர் "வேண்டும்" என்றார்கள், 11 பேரிடம்தான் ஓடுகிறது

கொங்குப் பகுதியிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். பெயரும் ஊரும் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால் சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். வயது 31. ஒன்பது பேர் வேலை பார்க்கும் சிறு நிறுவனத்தில் மூன்று பங்குதாரர்களில் ஒருவர். வடிவமைப்பு அவர் பொறுப்பு. கிணற்று மோட்டாரைக் கைபேசிச் செயலி வழியாக வீட்டிலிருந்தே போடவும் நிறுத்தவும் ஒரு கருவி செய்திருக்கிறார்கள். விலை 6,500 ரூபாய். தயாரிப்பதற்கு முன்பு விவசாயக் கண்காட்சி ஸ்டாலிலும் வாட்ஸ்அப் குழுக்களிலும் கூகுள் படிவம் கொடுத்து 260 பேரிடம் கேட்டிருக்கிறார்கள். 212 பேர் "கட்டாயம் வாங்குவேன்" என்று குறித்திருக்கிறார்கள். அந்தத் தைரியத்தில் 40 கருவிகளைச் சோதனைக்காக இலவசமாகப் பொருத்தினார்கள். இரண்டு மாதம் கழித்துப் பார்த்தால் ஓடிக்கொண்டிருப்பவை 11. அந்த 11 பேரில் ஏழு பேர் தோட்டத்தை ஆள் வைத்துப் பார்த்துக்கொண்டு டவுனில் குடியிருப்பவர்கள்.

"எங்கள் ஜனங்கள் ஏன் இப்படிப் பொய் சொன்னார்கள்? நானும் விவசாயி மகள்தான், அவர்களை எனக்குத் தெரியாதா?" என்று கேட்கிறார். பங்குதாரர்களில் ஒருவர் ஏஜென்சி வைத்து ஆயிரம் பேரிடம் சர்வே எடுக்கலாம் என்கிறார். மற்றவர், பொறியாளர், "அவர்களுக்கு என்ன வேண்டும் என்று அவர்களுக்கே தெரியாது, நாம்தான் முடிவு செய்ய வேண்டும்" என்கிறார். ஐம்பது பேரைக் கல்யாண மண்டபத்துக்கு அழைத்துச் சாப்பாடு போட்டுக் கருத்துக் கேட்கலாம் என்பது வாசகியின் யோசனை. கையிருப்பு நான்கு மாதச் சம்பளத்துக்கு வரும். கடைசியாக ஒரு சட்டக் கேள்வி: பொருத்தும்போது எடுத்த வீடியோக்களை விளம்பரத்துக்குப் பயன்படுத்தலாமா?

கடிதத்தின் நடுவே, வேடிக்கைக்காக ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள். ஒரு தோட்டத்து அம்மா உங்கள் கருவியைக் கழற்றி அலமாரியில் வைத்துவிட்டு, நீங்கள் அதற்காக இழுத்துக் கொடுத்த ஒயரில் ஒரு சிவப்பு பல்பை மாட்டி வேப்பமரத்தில் தொங்கவிட்டிருக்கிறார், மோட்டார் ஓடத் தேவையான மும்முனை மின்சாரம் வந்தால் அது எரிகிறது என்று. "இந்த அளவில்தான் தொழில்நுட்பம் புரிகிறது" என்று முடித்திருக்கிறீர்கள். அந்த வரியை நான் நான்கு முறை படித்தேன். உங்கள் 260 படிவங்களில் இல்லாத சங்கதி அந்த பல்பில் இருக்கிறது. கடைசியில் அதற்கு வருகிறேன். அதற்கு முன் ஒரு வேலை: மரத்தில் தொங்குவது உங்கள் ஒயர். நாளையே ஒரு எலக்ட்ரீஷியனை அனுப்பி, மழையில் நனையாதபடி, யாருக்கும் ஷாக் அடிக்காதபடி சரிசெய்து கொடுங்கள். பல்பை மட்டும் கழற்றிவிடாதீர்கள்.

பொய் இல்லை, மரியாதை

அவர்கள் பொய் சொல்லவில்லை. ஸ்டாலில் படித்த பெண் ஒருத்தி சிரித்த முகத்தோடு டேப்லெட்டை நீட்டி, "இப்படி ஒரு கருவி வந்தால் வாங்குவீர்களா?" என்று கேட்டால், வேண்டாம் என்று முகத்தில் அடித்தாற்போல் சொல்ல நம்மூரில் யாருக்கு மனம் வரும்? "வாங்கிடலாம் கண்ணு" என்று சொல்லிவிட்டு நகர்வார்கள். அது உங்களுக்குக் கொடுத்த மரியாதை. நீங்கள் அதை ஆர்டர் என்று எண்ணிவிட்டீர்கள்.

வரப்போகும் காலத்தில் என்ன செய்வேன் என்று சொல்வதில் மனிதர்கள் எல்லோருமே கெட்டிக்காரர்கள் அல்ல. அதனால், ஒரு பொருளைப் பயன்படுத்துகிறவர்களைப் புரிந்துகொள்ளும் பயனர் ஆய்வில் நாங்கள் "செய்வீர்களா" என்று கேட்பதைக் கூடியவரை தவிர்க்கிறோம். "கடைசியாக மோட்டார் போட்டது எப்போது? அன்றைக்கு முதலிலிருந்து என்ன நடந்தது?" என்று கேட்போம். நடந்து முடிந்த ஒரு நாளைச் சொல்லச் சொன்னால் அதில் மிகை குறைவு, விவரம் அதிகம்.

அதுவும் போதாது. தொழிலுக்கு வந்த புதிதில் ஒரு கிராமத்துச் செவிலியரிடம் பதிவேட்டுச் செயலி ஒன்றைப் பற்றி ஒரு மணி நேரம் பேசினேன். "பார்த்த உடனே போனில் ஏற்றிவிடுவேன் சார்" என்றார். நானும் அப்படியே அறிக்கையில் எழுதினேன். மறுநாள் அவரோடு தெருத்தெருவாக நடந்தபோதுதான் பார்த்தேன், இடது உள்ளங்கை முழுக்கப் பால்பாயிண்ட் பேனாவால் எடையும் ரத்த அழுத்தமும். சாயங்காலம் வீட்டுக்குப் போய், உட்கார்ந்து, கையைப் பார்த்துப் பார்த்துப் போனில் ஏற்றினார். அவரும் பொய் சொல்லவில்லை. அவரைப் பொறுத்தவரை அன்றைக்கே ஏற்றுவதுதான் "உடனே". நான் உட்கார்ந்து கேட்டதோடு நின்றிருந்தால் அந்த உள்ளங்கை எனக்குத் தெரிந்திருக்காது.

உங்கள் சர்வேயில் இன்னொரு ஓட்டையும் உண்டு. 260 பேரில் பெண்கள் ஒன்பது பேர் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். கண்காட்சிக்கு வருகிறவர், வாட்ஸ்அப் குழுவில் இருக்கிறவர், பணம் கொடுக்கிறவர் எல்லாம் பெரும்பாலும் ஆண்கள். மடை திருப்புகிறவர் யார்? இரவில் மின்சாரம் வந்தால் டார்ச் எடுத்துக்கொண்டு போகிறவர் யார்? வாங்குகிறவரும் பயன்படுத்துகிறவரும் வேறு வேறு ஆள்களாக இருக்கும் பொருளில், வாங்குகிறவரை மட்டும் கேட்டால் கதையில் பாதிதான் கிடைக்கும். அந்த ஏழு டவுன்காரர்களைக் கவனியுங்கள். வீட்டில் இருந்தபடியே மோட்டார் போடுவது அவர்களுக்கு உதவுகிறது, ஏனென்றால் தோட்டத்தில் நிற்பது வேறொருவர். தோட்டத்திலேயே குடியிருப்பவர் எப்படியும் மண்வெட்டியோடு வயலுக்குப் போயாக வேண்டும். பாத்திக்குப் பாத்தி தண்ணீரைத் திருப்ப உங்கள் செயலியால் முடியாது. போகிற வழியில் பொத்தானை அமுக்குவது அவருக்கு ஒரு வேலையே இல்லை. இது என் ஊகம். உறுதி செய்ய வேண்டியது நீங்கள்.

எதைக் கொண்டு எதை அறிவது

ஆயிரம் பேர் சர்வே வேண்டாம் என்று அடியோடு சொல்ல மாட்டேன். இப்போது வேண்டாம். எதை எண்ண வேண்டும் என்று தெரிந்த பிறகு எண்ணுவதற்குத்தான் சர்வே. பங்குக் கிணறு வைத்திருப்பவர் எத்தனை பேர், இரவு முறை வருகிறவர் எத்தனை பேர் என்று பிறகு கேட்கலாம். இப்போது கேட்டால் அதே தவறான கேள்விக்கு நான்கு மடங்கு அதிகமாகத் தலையாட்டல் வரும், கையிருப்பில் ஒரு மாதம் கரையும்.

ஐந்து பேர் போதும் என்று யாராவது சொல்லியிருந்தால் அதையும் அளவோடு எடுத்துக்கொள்ளுங்கள். ஜேக்கப் நீல்சனும் தாமஸ் லாண்டவரும் 1993-இல் வெளியிட்ட கணக்கை வைத்து எழுந்த பேச்சு அது. ஒரே மாதிரியான ஐந்து பேர் ஒரு திரையைப் பயன்படுத்துவதைப் பார்த்தால், அந்தத் திரையின் குறைகளில் சுமார் 85 சதவீதம் கண்ணில் படும் என்பது சாரம். பொத்தான் புரிகிறதா, எழுத்து தெரிகிறதா என்று பார்க்க அது நல்ல கணக்கு. இந்தப் பொருள் வாழ்க்கைக்கு வேண்டுமா என்ற கேள்விக்கு அது விடை சொல்லாது.

உங்களுக்கு இப்போது வேண்டியது தோட்டத்தில் நிற்பது. கேரன் ஹோல்ட்ஸ்பிளாட்டும் ஹியூ பேயரும் வகுத்த ஒரு முறை உண்டு. வேலை நடக்கும் இடத்துக்கே போய், வேலை செய்கிறவரை ஆசானாகவும் நம்மைக் கற்றுக்கொள்ள வந்தவராகவும் வைத்துக்கொள்வது. நம் தறிக்கூடத்திலும் பட்டறையிலும் வேலை பழகுகிறவர்கள் செய்வது அதேதான். கேள்வித்தாளைப் பையில் வையுங்கள். விடியற்காலையில் போங்கள். மோட்டார் ரூமில் ஓரமாக நில்லுங்கள். சுவரில் என்ன எழுதியிருக்கிறது, ஸ்டார்ட்டர் பெட்டிக்கு மேல் என்ன சொருகியிருக்கிறது, சாவி யாரிடம் இருக்கிறது என்று பாருங்கள். புரியாதபோது மட்டும், "இது ஏன் இப்படி?" என்று கேளுங்கள்.

ஓடாமல் கிடக்கும் 29 கருவிகளில் பன்னிரண்டையும், ஓடுகிறவற்றில் நான்கையும் தேர்ந்தெடுங்கள். ஒரு நாளைக்கு ஒரு தோட்டம், மூன்று வாரத்துக்குள் முடியும். இரண்டு பேராகப் போங்கள், ஒருவர் பேச, ஒருவர் குறிக்க. அந்த இரண்டாவது ஆள் மாறி மாறி உங்கள் பொறியாளராகவோ சர்வே கேட்கும் பங்குதாரராகவோ இருக்க வேண்டும். நீங்கள் பார்த்துவிட்டு வந்து அறிக்கை வாசித்தால் அவர்கள் அறிக்கையோடு சண்டை போடுவார்கள். கண்ணால் பார்த்ததோடு சண்டை போடுவது கடினம். கூட்டாக வடிவமைப்பது என்பது முதலில் உங்கள் மூன்று பேருக்குள் நடக்க வேண்டும்.

வீடு திரும்பிய அன்றிரவே எழுதிவிடுங்கள். பார்த்தது ஒரு நிறத் தாளில், நீங்கள் நினைத்தது வேறு நிறத்தில். பிறகு எல்லாத் தாளையும் சுவரில் ஒட்டி, ஒன்றோடொன்று சேர்வதைச் சேர்த்து வையுங்கள். ஜப்பானிய மானுடவியலாளர் ஜிரோ கவாகிடா, நேபாளத்துக் களக்குறிப்புகளோடு மல்லுக்கட்டியபோது உருவான வழி இது. தலைப்புகளை முன்கூட்டியே எழுதி வைத்துவிட்டு அதன் கீழ் தாள்களை அடுக்காதீர்கள். அப்படிச் செய்தால் நீங்கள் ஏற்கெனவே நம்பியதே திரும்பக் கிடைக்கும்.

இந்த இடத்தில் "நான் விவசாயி மகள்" என்பதைப் பற்றி ஒரு வார்த்தை, தப்பாக எடுத்துக்கொள்ளக் கூடாது. அது உங்கள் பலம். வாசலில் செருப்பைக் கழற்றியதும் மோர் கொடுத்து உட்காரச் சொல்வார்கள், வெளியாளுக்கு அது நடக்காது. ஆனால் தெரியும் என்று நினைப்பவர் கேட்க மாட்டார். உங்கள் அப்பாவின் கிணறு ஒருவருக்கே சொந்தமா, பங்குக் கிணறா? பங்குக் கிணற்றில் முறை வைத்துத்தான் தண்ணீர். ஒரே ஒரு கைபேசியில் மட்டும் வேலை செய்யும் கருவியை அங்கே பொருத்தினால், மோட்டாரின் கட்டுப்பாடு ஒரு பங்காளியின் சட்டைப் பைக்குள் போய்விடுகிறது. மற்ற பங்காளிகள் அதை விட்டுவைப்பார்களா? அந்த 29-இல் எத்தனை பங்குக் கிணறு என்று உங்கள் கடிதத்தில் இல்லை.

இன்னொன்று. செயலியின் முதல் பக்கத்திலேயே "இன்று ஓடிய யூனிட்" என்று பெரிய எழுத்தில் காட்டுவதாகப் பெருமையோடு எழுதியிருக்கிறீர்கள். மின் கட்டண உயர்வை எதிர்த்து நடந்த போராட்டத்தில், 1970-இல் பெருமாநல்லூரில் துப்பாக்கிச் சூட்டுக்கு மூன்று விவசாயிகள் பலியானார்கள். 1972-இல் கோவைத் தெருக்களை மாட்டு வண்டிகள் அடைத்துக்கொண்டு நின்றன. இலவச மின்சாரம் பெற்ற பிறகும், மீட்டர் என்ற சொல்லைக் கேட்டாலே இந்தப் பகுதிப் பெரியவர்களுக்கு முகம் மாறும். உங்கள் கருவி அவர்கள் கண்ணுக்கு என்னவாகத் தெரிந்திருக்கும்? யாரும் இதை வாய்விட்டுச் சொல்லியிருக்க மாட்டார்கள். கழற்றி வைத்திருப்பார்கள்.

கல்யாண மண்டபத்தில் யார் பேசுவார்?

ஐம்பது பேரை உட்காரவைத்தால் நான்கு பேர் பேசுவார்கள், அந்த நான்கு பேரும் முன்வரிசை வெள்ளை வேட்டிகள். பண்ணைக்காரர் எதிரில் அவர் தோட்டத்தில் கூலிக்கு மடை பார்க்கிறவர் வாய் திறக்க மாட்டார். மாமனார் இருக்கும் இடத்தில் மருமகள் அபிப்பிராயம் சொல்ல மாட்டார். சாதியும் அங்கே நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கும். சாப்பாட்டுச் செலவுதான் மிச்சம். ஐந்தாறு பேராக, பெண்கள் தனி, கூலிக்கு வேலை பார்ப்பவர்கள் தனி என்று திண்ணையிலோ மரத்தடியிலோ கூடுங்கள்.

அங்கே கருத்துக் கேட்காதீர்கள். வேலை கொடுங்கள். எண்பதுகளின் கடைசியில் ராபர்ட் சேம்பர்ஸும் பெங்களூருவின் மைராடா போன்ற தொண்டு அமைப்புகளும் கிராமங்களில் பரப்பிய முறையில், ஊர்க்காரர்களே தரையில் பொடி தூவி ஊரின் வரைபடத்தையும் ஆண்டுக் காலண்டரையும் போட்டார்கள். நம் பெண்களுக்குக் கோலமாவு கொடுத்து, "ஒரு வருஷத்தைத் தரையில் போடுங்கள், தண்ணீருக்குத் திண்டாடும் மாதத்தில் புளியங்கொட்டை வையுங்கள்" என்று சொல்லிப் பாருங்கள். டேப்லெட்டைக் கண்டு பின்வாங்கியவர் கோலமாவை வாங்கிக்கொள்வார். தப்பாகப் போட்டால் பக்கத்திலிருப்பவர் அழித்துத் திருத்துவார், அந்தச் சண்டையில்தான் விஷயம் வெளியே வரும்.

அடுத்தது அட்டைப்பெட்டி. 1981 முதல் 1985 வரை ஸ்காண்டிநேவியாவில் யுடோபியா என்ற திட்டத்தில், அச்சகத் தொழிலாளர் சங்கத்தோடு சேர்ந்து பக்க அமைப்புக்கான கணினி முறையை வடிவமைத்தார்கள். கணினியைக் கட்டுவதற்கு முன்பு அட்டையாலும் பலகையாலும் பொம்மைக் கணினி செய்து, அதில் தொழிலாளர்களே வேலை செய்வதுபோல் நடித்துக் காட்டினார்கள். லேசர் பிரிண்டர் என்று எழுதிய வெறும் அட்டைப்பெட்டியும் அதில் உண்டு. மெருகேறிய பொருளை நீட்டினால் மக்கள் பாராட்டுவார்கள். அட்டையை நீட்டினால் கத்தரிக்கோலைக் கேட்பார்கள். உங்கள் கருவியையும் தெர்மாகோலில் செய்துகொண்டு போங்கள். பொத்தான் எங்கே வேண்டும், சத்தம் வேண்டுமா வெளிச்சம் வேண்டுமா என்று அவர்களே ஒட்டட்டும்.

உங்கள் பொறியாளர் நண்பருக்கு ஜெய்ப்பூர் கால் என்ற செயற்கைக் காலைப் பற்றிச் சொல்லுங்கள். அறுபதுகளின் கடைசியில் அதை உருவாக்கியவர்கள் டாக்டர் பி.கே. சேத்தியும் ராம் சந்திர சர்மா என்ற கைவினைஞரும். அன்றைய மேலைநாட்டுப் பாணிச் செயற்கைக் கால் ஷூ போட்டு நாற்காலியில் உட்காருகிறவருக்காகச் செய்யப்பட்டது. இங்கே கால் இழந்தவர் சம்மணம் போட வேண்டும், குந்த வேண்டும், வெறுங்காலோடு சேற்றில் நடக்க வேண்டும். இந்தத் தேவை தெரிந்த பிறகு, ரப்பரை எப்படி வார்ப்பது என்பதைக் கைவினைஞரும் மருத்துவரும் கண்டுபிடித்தார்கள். நோயாளியிடம் போய் எந்த ரப்பர் வேண்டும் என்று யாரும் கேட்கவில்லை. உங்கள் நண்பர் சொல்வதில் பாதி சரி: தீர்வைச் செய்வது அவர் வேலை. எது பிரச்சினை என்று சொல்லும் அதிகாரம் மட்டும் அவரிடம் இல்லை. மனிதரை மையமாக வைத்த வடிவமைப்புக்கு ஐஎஸ்ஓ 9241-210 என்ற தர விதி 2010-இல் வந்து 2019-இல் திருத்தப்பட்டது. பயனர் வடிவமைப்பின் எல்லாக் கட்டத்திலும் பங்கெடுக்க வேண்டும் என்கிறது அது. அதிலும் பயனரே வரைபடம் போட வேண்டும் என்று இல்லை.

நேரம் கொடுக்கிறவர்களுக்கு அரை நாள் கூலியைக் கையில் கொடுத்துவிடுங்கள். தள்ளுபடிக் கூப்பன் கொடுக்காதீர்கள், அது மறுபடியும் தலையாட்ட வைக்கும்.

வீடியோவும் அனுமதியும்

விளம்பரத்துக்கு இப்போதைக்குப் பயன்படுத்த வேண்டாம். கருவி பொருத்தும்போது "போட்டோ எடுத்துக்கலாமா" என்று கேட்டதற்குச் சரி என்றார்கள், அவ்வளவுதான். 2023-ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின்படி சம்மதம் என்பது எந்த நோக்கத்துக்கு என்று தெளிவாகச் சொல்லி, நிபந்தனை இல்லாமல் பெறுவது. அறிவிப்பைத் தமிழில் படிக்கும் வாய்ப்பு இருக்க வேண்டும். கொடுத்த சம்மதத்தைக் கொடுத்தது போலவே எளிதாகத் திரும்பப் பெறவும் முடிய வேண்டும். விதிகள் படிப்படியாக நடைமுறைக்கு வருகின்றன என்பதைச் சாக்காக வைத்துக்கொள்ளாதீர்கள். பின்னணியில் நிற்கும் கூலியாளிடம் தனியாகக் கேட்க வேண்டும், முதலாளி அவர் சார்பில் சம்மதிக்க முடியாது. பதினெட்டு வயதுக்குக் கீழ்ப்பட்டவர் இருந்தால் பெற்றோர் சம்மதம் வேண்டும். மோட்டார் ஓடிய நேரமும் போன் எண்ணும் சேர்ந்த பதிவும் ஒருவருடைய அந்தரங்கம்தான். வீட்டில் ஆள் இல்லாத நேரம் அதில் தெரிந்துவிடும். ஆய்வுக்கான சம்மதம் ஒரு தாளில், விளம்பரத்துக்கான சம்மதம் இன்னொரு தாளில் வாங்குங்கள். சிக்கலான இடம் வந்தால் ஒரு வழக்கறிஞரிடம் காட்டிவிடுங்கள், நான் வழக்கறிஞர் அல்ல.

பல்பு

இப்போது வேப்பமரத்துக்கு வருவோம். அந்த அம்மாவுக்குத் தொழில்நுட்பம் புரியவில்லை என்று எழுதினீர்கள். மும்முனை வந்தால் மட்டும் எரியும்படி ஒரு விளக்கை, அடுப்படியிலிருந்து பார்த்தால் தெரியும் உயரத்தில், செலவே இல்லாமல் அமைத்திருக்கிறார். போன் பார்க்கத் தேவையில்லை, சிக்னல் தேவையில்லை, வீட்டில் யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். மோட்டாரைத் தூரத்திலிருந்து போடுவது அவர் பிரச்சினை இல்லை போலிருக்கிறது. மின்சாரம் எப்போது வந்தது என்று தெரியாததுதான் பிரச்சினையோ? இது உண்மையா என்று அறிய ஒரு புதுக் கருவி செய்ய வேண்டியதில்லை. எண்பதுகளில் ஐபிஎம்மில் ஜான் கோல்ட் குழுவினர், பேசினால் தானே எழுதும் இயந்திரம் மக்களுக்குப் பயன்படுமா என்று பார்க்க, அடுத்த அறையில் ஒரு தட்டச்சரை உட்காரவைத்தார்கள். பேசியவர் திரையில் எழுத்து வருவதைப் பார்த்தார், இயந்திரம் என்று எதுவும் இல்லை.

நீங்களும் அதையே செய்யலாம். ஐந்து தோட்டங்களைத் தேர்ந்தெடுங்கள். அந்த லைனில் மும்முனை வந்ததும், ஊரில் ஒருவர் ஐந்து வீட்டுக்கும் மிஸ்டு கால் கொடுக்கட்டும், நின்றதும் இன்னொன்று. இரண்டு வாரம், இரவும் பகலும், இரண்டு ஆளுக்குக் கூலி. செயலி வேண்டாம், பழைய பட்டன் போனே போதும். அழைப்பைக் கொடுத்தது இயந்திரம் இல்லை, ஆள்தான் என்பதை வீட்டுக்காரர்களிடம் கடைசி நாளில் மறைக்காமல் சொல்லிவிடுங்கள். ஒவ்வொரு மோட்டார் ரூமிலும் ஒரு தினசரி காலண்டரை மாட்டி, யார் எழுந்து வந்தார், எத்தனை மணிக்கு என்று அந்தத் தாளிலேயே குறிக்கச் சொல்லுங்கள். எழுத வராதவர் கோடு போடட்டும்.

முதல் தோட்டமாக அந்த அம்மாவின் தோட்டத்தை வைத்துக்கொள்ளுங்கள். பல்பைப் பற்றி அவரிடம் பேசும்போது பொறியாளர் நண்பரையும் அழைத்துப் போங்கள். அவர் நோட்டுப் புத்தகம் பிடித்துக் குறிக்கட்டும், பேச வேண்டாம்.